நாலு மாடி விருந்தாளி

கருவேலங்குடியில் ஒன்றும் கிடையாது. இதைச் சொல்ல அந்த ஊரில் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை, நல்ல ஜவுளிக்கடை கிடையாது, ஏசி தியேட்டர் கிடையாது, பிறந்தநாள் கேக் வேண்டுமென்றால் டவுன் பஸ்ஸில் போகிற யாரிடமாவது முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும், நகரும் படிக்கட்டைச் சினிமாவில்தான் பார்த்திருக்கிறார்கள், பஸ் ஸ்டாண்டில் பொம்பளைகள் ஒதுங்க ஒரு மறைவு கிடையாது, பேரூராட்சி என்றிருந்த போர்டை நகராட்சி என்று மாற்றி மாட்டினார்களே தவிர போர்டுக்குக் கீழே அதே பழைய புழுதிதான். சாயங்காலமானால் தவசிலிங்கம் அண்ணாச்சியின் பலசரக்குக் கடை முன்னால் ஆட்கள் கூடி, இது இல்லை அது இல்லை என்று ஒருத்தர் விட்ட இடத்தில் இன்னொருத்தர் பிடித்து, கோயிலில் போற்றி சொல்வதுபோல் இல்லாததை எல்லாம் சொல்லி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார்கள்.

இசக்கிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ரத்தம் சுத்தம் பண்ணுகிற மிஷின். அவள் அம்மா சண்முகத்தாய்க்குக் கிட்னி இரண்டும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் டவுன் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் டயாலிசிஸ் பண்ணினால்தான் அம்மா இருப்பாள். பண்ணாவிட்டால் கால் வீங்கும், முகம் வீங்கும், பிறகு மூச்சு வாங்கும், பிறகு அம்மா இருக்க மாட்டாள். பிளஸ் ஒன் படிக்கும்போது அட்டென்டன்ஸ் பற்றவில்லை என்று டீச்சர் திட்டியதற்கு, "அப்போ செவ்வாக்கிழமை நீங்க எங்கம்மாவக் கூட்டிட்டுப் போங்க டீச்சர், நான் உக்காந்து படிக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண மண்டபங்களுக்குப் பந்தி பரிமாறப் போவாள். மற்ற நாளெல்லாம் அம்மாதான். இசக்கியின் வாய் பற்றி ஊருக்கே தெரியும். மனசில் வந்ததை வடிகட்டாமல் சொல்லிவிடுவாள்.

"மிஷின் கேளுங்க அண்ணாச்சி" என்று அவள் கடை வாசலில் நின்று சொன்னபோது, வியாபாரிகள் சங்கத் தலைவரான அண்ணாச்சி மிட்டாய் பாட்டிலை மூடிக்கொண்டே சொன்னார்: "அது நோயாளி கேக்கது ட்டி. ஊரு கேக்கது வேற."

"ஊருல யாருக்கும் நோய் வராதோ?"

"வாய மூடு. நாங்க டவுனுக்குப் போயி அந்த நாலு மாடி ஜவுளிக்கடைக்காரன நேர்ல பாத்து, இங்க ஒரு கிளை திறக்கச் சொல்லி முறையா அழைக்கப் போறோம். அவன் வந்தா எல்லாம் தன்னால பின்னாடி வரும்."

போனார்கள். அது ஒரு வெள்ளிக்கிழமையாக இருந்ததால் இசக்கிக்கும் அம்மாவுக்கும் வேனில் இடம் கிடைத்தது, அதனால் நடந்ததை இசக்கி கண்ணால் பார்த்தாள். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், குங்குமம் வைத்த வெள்ளித் தட்டோடு அண்ணாச்சி இறங்கினார். முதலாளி சென்னையில் இருக்கிறார் என்றார்கள். மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். வாட்ச்மேன், "கஸ்டமர் வார வழி சார், ஓரமா நில்லுங்க" என்றார். அண்ணாச்சிக்கு முகம் கறுத்துப் போய்விட்டது. கொண்டு வந்த தாம்பூலத்தைத் திருப்பி எடுத்துப் போவது கருவேலங்குடியில் செத்த வீட்டில் சிரிப்பதைவிடக் கேவலம். அவர் தட்டை அந்தக் கடையின் முதல் படியில் வைத்தார், நாலு மாடியையும் அண்ணாந்து பார்த்தார், கையெடுத்துக் கும்பிட்டு, ஒரு சம்பந்தி வீட்டாரை அழைப்பதுபோல் அந்தக் கட்டடத்தையே அழைத்தார்.

"ஊர் சார்பா அழைக்கோம். குடும்பத்தோட, ஒருத்தர் விடாம வந்து, இருந்து சாப்ட்டுட்டுத்தான் போவணும்."

வேனுக்குள் இசக்கி விழுந்து விழுந்து சிரித்தாள். "சுவத்துக்கிட்டப் போயிப் பேசுதாரும்மா."

"சும்மா இரிட்டி" என்றாள் அம்மா. "கூப்புட்ட முறையில ஒரு குறையும் இல்ல."

அண்ணாச்சி வேனுக்குத் திரும்பிய பிறகு, யாரும் பக்கத்தில் இல்லாதபோதே அந்தக் கண்ணாடிக் கதவு திறந்தது. குளிர்ந்த காற்று ஒரு மூச்சு வெளியே வந்தது. கதவு மூடிக்கொண்டது.

கொஞ்ச நாளில், குளத்துக் கரையில் ஆடு மேய்க்கிறவர்கள் வந்து கிழக்கே ஒரு கட்டடம் தெரிகிறது, நேற்று அது அங்கே இல்லை என்றார்கள், மறுநாள் போய்ப் பார்த்தவர்கள் அது இன்னும் கிட்டே வந்திருக்கிறது என்றார்கள், அதற்கடுத்த நாள் மொட்டை மாடியில் ஏறினால் போதும், நாலு மாடியும் கண்ணாடி முகப்பும் விளம்பரப் பொம்பளையின் பட்டுச் சேலையும் தெளிவாகத் தெரிந்தன. அது நடப்பதை யாரும் பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் நிற்கும். குனிந்து செருப்பு மாட்டி நிமிர்ந்தால் ஒரு வயல் தாண்டியிருக்கும். வந்த வழியெல்லாம் கரிசல் மண் டைல்ஸ் போட்ட மாதிரி வழவழவென்று கிடந்தது, அதில் புல் முளைக்கவில்லை, எறும்பு ஏறவில்லை.

கருவேலங்குடி அதைக் கண்டு பயந்தது என்று நினைத்தால் அந்த ஊரை உங்களுக்குத் தெரியாது. வார்டு கவுன்சிலர் தன் முயற்சியால்தான் வருகிறது என்று ஃபிளெக்ஸ் அடித்தார். எதிர்க்கட்சிக்காரர் தன் கோரிக்கையால்தான் வருகிறது என்று அதைவிடப் பெரிய ஃபிளெக்ஸ் அடித்தார். குளத்துக் கரையில் இளநீர் வண்டியும் அவித்த கடலை வண்டியும் நின்றன. வாசல் எந்தப் பக்கம் பார்க்கும் என்று ஜோசியரிடம் கேட்டார்கள், ஆட்டோ ஸ்டாண்டு யாருக்கு என்று இரண்டு தெரு சண்டை போட்டது, கரண்ட் ஆபீஸிலிருந்து ஆள் வந்து கம்பம் எங்கே நடுவது என்று அளந்துவிட்டுப் போனார். கடை ஊருக்குள் வந்து மெயின் ரோட்டில் உட்கார்ந்த அன்று ஆரத்தி எடுத்து, பூசணிக்காய் உடைத்து, வேட்டுப் போட்டார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் துணிகள் அடுக்கியபடி இருந்தன, சேல்ஸ் பெண்கள் நின்றபடி இருந்தார்கள். பஸ்ஸில் நிற்பதுபோல் கொஞ்சம் ஆடியது, அவ்வளவுதான் அக்கா, என்றார்கள். முதலாளிக்குப் போன் போட்டபோது, கம்ப்யூட்டரில் எல்லாம் சரியாகத்தான் காட்டுகிறது என்று சொல்லி வைத்துவிட்டார்.

பக்கத்து வீட்டுப் பொன்னுக்கிளி மயினிதான் முதலில் நகரும் படிக்கட்டில் ஏறினாள். அம்மாவால் முடியாத நாளில் கஞ்சி வைத்துக் கொடுப்பவள், தலை வாரி விடுபவள், இசக்கி பந்தி பரிமாறப் போனால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள். புருஷன் சவுதியில். மேலே போனாள், கீழே வந்தாள், மறுபடி மேலே போனாள். "காலத் தூக்கவே வேண்டாம் சண்முகத்தக்கா, நின்னா போதும், சாமிய எழுந்தருளப் பண்ணுத மாதிரி நம்மளக் கொண்டு போவுது" என்று வந்து சொன்னபோது அவள் முகம் கல்யாணப் பெண் முகம்போல் இருந்தது. இசக்கியே ஒருமுறை ஏறிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

பிறகு குடும்பம் வந்தது.

ஒருத்தர் விடாமல் வந்தார்கள். நகைக்கடை வந்தது, செருப்புக்கடை வந்தது, கேக் கடை தன் கண்ணாடிப் பெட்டிகள் குலுங்காமல் மெல்ல வந்தது, மூன்று திரை உள்ள தியேட்டர் ஒரு கிழட்டு யானைபோல் வந்தது, கார் நிறுத்துகிற இடம் சுவர் இல்லாமல் வெறும் கறுப்புத் தரையாகத் திருக்கை மீன் மாதிரி ஊர்ந்து வந்தது. வந்தவர்கள் எல்லாம் மெயின் ரோட்டின் இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று, பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆற்றுப் பாலம் வரைக்கும், முகத்துக்கு முகம் பார்த்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த இடத்தில் இருந்த வீடுகளுக்கு என்ன ஆனது என்று கேட்டால், அந்த வீட்டுக்காரர்கள் நகைக்கடையில் இருக்கிறார்கள், தியேட்டரில் இருக்கிறார்கள் என்று பதில் வந்தது. உள்ளே ஏசி, உள்ளே சாப்பாடு, உள்ளே சினிமா. போனவர்கள் எதற்கு வெளியே வர வேண்டும்? யாரும் தேடவில்லை.

ரோட்டில் வந்த பஸ் டிரைவர்களும் கடைக்குள் போய்விட்டதால் பஸ் நின்றது. இசக்கி ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். பாலம் வரைக்கும் வந்த டிரைவர், செருப்பு ஒன்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனவர் வரவில்லை. ஊரின் மற்ற மூன்று பக்கமும் குளமும் உப்பளச் சகதியும் முள்ளுக் காடும். அம்மாவுக்கு ஒரு வெள்ளி தவறியது.

"மிஷினும் வந்துரும்ட்டி" என்றார் அண்ணாச்சி. அவர் கடையில் இப்போது யாரும் வாங்குவதில்லை, அதனால் ஷட்டரை இறக்கிவிட்டு ஜவுளிக்கடை சோபாவில் ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார். "எல்லாரும் வந்தாச்சி. ஆஸ்பத்திரி என்ன, பின்னாலயே வரும்."

"ஆஸ்பத்திரி என்ன ஜவுளிக்கடைக்கு மச்சானா அண்ணாச்சி? நீங்க குடும்பத்தத்தான கூப்புட்டீங்க."

அண்ணாச்சி ஸ்ட்ராவைக் கடித்தார்.

செவ்வாயும் தவறியது. அம்மாவின் கால் உரலாகிவிட்டது, விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. புதன்கிழமை இசக்கி அம்மாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு பாலத்தைப் பார்த்து நடந்தாள். ரோடுதானே, நேராகத்தானே போகிறது என்று நடந்தாள். காலடி நேராகத்தான் போனது. ஆனால் நிமிர்ந்தபோது இருவரும் மூன்றாம் மாடியில், காட்டன் சேலைப் பிரிவில் நின்றார்கள். "எந்த ரேஞ்சுல பாக்கீங்க அக்கா?" என்று கேட்டாள் ஒரு சேல்ஸ் பெண். அம்மாவின் கை தன்னையறியாமல் ஒரு நீலச் சேலையைத் தடவிக்கொண்டிருந்தது. இசக்கி அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, படிக்கட்டு படிக்கட்டாக இறங்கி வெளியே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

அடுத்த வெள்ளியும் தவறியது. சனிக்கிழமை நகராட்சிக்காரர்கள் பெருந்திறப்பு விழாவுக்கென்று மெயின் ரோடு முழுக்கப் பச்சைக் கம்பளம் விரித்தார்கள். ஞாயிறு காலையில் புழுதி அடங்க லாரியில் தண்ணீர் கொண்டுவந்து தெளித்தார்கள். இசக்கி தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, வேறு எந்த வழியாவது இருக்கிறதா என்று பார்க்கப் போனவள், கீழே பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எத்தனை மண்டபத்தில் எத்தனை தடவை பார்த்த காட்சி. இரண்டு பக்கமும் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் பச்சையாக இலை விரித்தாயிற்று. தண்ணீர் தெளித்தாயிற்று. ரோட்டு முனையில் எப்போதும் நிற்கும் உப்பு வண்டியைக் காணவில்லை. உப்புதான் இலையில் முதலில் வைப்பது. அதற்குப் பக்கத்தில் இருந்த ஊறுகாய்க் கம்பெனி ஷெட்டையும் காணவில்லை.

இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அண்ணாச்சி அவர்களை அழைத்திருந்தார். இருக்கிறார்கள். சோறு எங்கே என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவள் இறங்கி ஓடிப்போய் ஆட்களிடம் சொன்னாள். பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள், நாம்தான் சாப்பாடு, கிளம்புங்கள் என்று கத்தினாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். ஒருத்தர், "உங்கம்மாவுக்கு முடியலன்னு ஊரையே பயமுறுத்தாதட்டி" என்றார். தெற்குத் தெருவில் பொன்னுக்கிளி மயினி மட்டும் வீட்டில் இருந்தாள், நகைக்கடைக் குலுக்கலுக்குப் போகத் தலைக்குக் குளித்துவிட்டுக் கூந்தலை உலர்த்திக்கொண்டு.

"மயினி, எங்க கூட வாங்க. இப்பவே."

"எப்படிட்டி போவ? ரோட்டுல கால் வச்சா கடைக்குள்ளல்லா கொண்டு போயி விடுது."

"பரிமாறுதவள எந்தப் பந்தியிலயும் யாரும் தின்னதில்ல. வாளியத் தூக்கிட்டு நடுவுல போவேன்."

மயினி இசக்கியின் கன்னத்தில் ஈரக் கையால் தட்டினாள். "நீ அக்காவக் கூட்டிட்டுப் போயிட்டு வா. குலுக்கல் முடிஞ்சதும் கஞ்சி வச்சிருக்கேன். வந்து குடிக்கட்டும்."

உச்சி வெயிலில், பந்தி நேரத்தில், இசக்கி சாம்பார் வாளியையும் கரண்டியையும் எடுத்தாள். அம்மா கையில் தண்ணீர் ஜக்கைக் கொடுத்தாள். கிட்னி போனதிலிருந்து ஒரு முழு டம்ளர் தண்ணீர் குடிக்கக் கொடுத்து வைக்காத சண்முகத்தாய், நிறைந்த ஜக்கை நெஞ்சோடு அணைத்து, மகள் துப்பட்டாவின் நுனியை மறுகையில் சுற்றிக்கொண்டு, வீங்கிய காலை வைத்து வைத்துப் பின்னால் வந்தாள்.

"வெறும் வாளியோட பந்திக்குள்ள போவாங்களா ட்டி?"

"வெறும் வாளி இல்லம்மா. பேசாம வா."

கம்பளத்தில் கால் வைத்தார்கள். கால் விலகவில்லை. நாலு மாடிக் கடையின் கண்ணாடிக் கதவு திறந்து குளிர்ந்த மூச்சு முகத்தில் அடித்தது. இசக்கி குனிந்து, வெறும் வாளிக்குள் கரண்டியை விட்டு, மண்டபத்தில் சொல்கிற அதே குரலில், "எங்க வீடு" என்று சொல்லிக் கம்பளத்தில் ஊற்றினாள். பின்னால் எங்கேயோ, இலையில் சோறு விழுகிற சத்தம் பெரிதாகக் கேட்டது. அம்மா திரும்பிப் பார்க்கப் போனாள். "பாக்காத" என்றாள் இசக்கி. கதவு மூடியது. அடுத்த ஆளிடம் போனார்கள்.

"பள்ளிக்கூடம்." அதைத் தயங்காமல் ஊற்றினாள், கரண்டி நிறைய ஊற்றினாள், ஞாயிற்றுக்கிழமை அங்கே யாரும் இல்லை. செருப்புக்கடை மூச்சு விட்டது. "அண்ணாச்சி கடை." ஷட்டர் இறக்கிக் கிடக்கிற கடைதான், போகட்டும். கேக் கடைக்கு நகராட்சி ஆபீஸ், அதுவும் பூட்டித்தான் கிடந்தது. தியேட்டர் வயிறு பெரிது, அதற்குப் பஸ் ஸ்டாண்டையும் தண்ணீர்த் தொட்டியையும் சேர்த்து ஊற்றினாள். கறுப்புத் தரை வாய் எது வால் எது என்று தெரியாமல் கிடந்தது, அதன் ஓரத்தில் காலியான ரேஷன் கடையை வைத்தாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் துப்பட்டா ஒருமுறை இழுபட்டது. அம்மா தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தாள், முறை தவறாமல், ஒருவருக்கும் சிந்தாமல்.

பாலத்துக்கு முன்னால் கடைசி ஆளாக நகைக்கடை உட்கார்ந்திருந்தது. அதன் கதவு திறந்தபடியே நின்றது. உள்ளே விளக்கு எரிந்தது, ஒரு ஆளும் தெரியவில்லை. இசக்கி கரண்டியை விட்டு வாளியைச் சுரண்டினாள். காலியாய்க் கிடப்பது எல்லாம் தீர்ந்துவிட்டது. கோயில் என்று நினைத்தாள், உள்ளே பூசாரி குடும்பம் இருக்கிறது. ரைஸ் மில் என்று நினைத்தாள், அது எப்போதோ கறுப்புத் தரைக்கு அடியில் போய்விட்டது. குளிர் மூச்சு நிற்காமல் வந்தது, கம்பளம் காலடியில் மெல்ல, மிக மெல்லக் கதவுப் பக்கம் சுருங்க ஆரம்பித்தது. பின்னால் ஜக் விழுந்து உருண்டது. அம்மா உட்கார்ந்துவிட்டாள். வாய் திறந்திருந்தது, மூச்சு உள்ளே போகிற சத்தம் மட்டும் கேட்டது, வெளியே வருகிற சத்தம் கேட்கவில்லை.

இசக்கி குனிந்தாள்.

"தெற்குத் தெரு" என்றாள்.

ஆட்களோடு என்று அவள் சொல்லவில்லை. ஆட்கள் இல்லாமல் என்றும் சொல்லவில்லை. இந்தத் தடவை சோறு விழுகிற சத்தம் வரவில்லை. வேறு ஒரு சத்தம் வந்தது, கொஞ்ச நேரம் வந்தது, பிறகு கதவு மூடியது. அவள் வாளியை அங்கேயே போட்டுவிட்டு அம்மாவை முதுகில் தூக்கிக்கொண்டு பாலத்தைக் கடந்தாள். அந்தப் பக்கம் செங்கல் ஏற்றிப்போன டிராக்டர்காரர் ஒன்றும் கேட்காமல் ஏற்றிக்கொண்டார்.

டவுனில் கடைகள் இருந்த இடமெல்லாம் சதுரம் சதுரமாக வெறும் பள்ளம். பெரியாஸ்பத்திரி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. நர்ஸ் அம்மாவின் கையில் ஊசியைக் குத்தினாள், மிஷின் சுற்ற ஆரம்பித்தது, சிவப்பாக ஒரு குழாயில் போய் இன்னொரு குழாயில் வந்தது. இசக்கி ஸ்டூலில் உட்கார்ந்து அதையே பார்த்தாள். சாயங்காலம் ஆகும்போது அம்மாவின் முகத்தில் மூக்கு எது கன்னம் எது என்று தெரிய ஆரம்பித்தது. கண்ணைத் திறந்தாள்.

"பொன்னுக்கிளி கஞ்சி வச்சிருப்பா" என்றாள்.

இசக்கி அம்மாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"ஏட்டி. கடைசில என்ன வச்ச?"

பக்கத்துக் கட்டில்காரி ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாள். இசக்கி நினைத்திருந்தால் ரைஸ் மில் என்று சொல்லியிருக்கலாம். கோயில் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது வராது.

"தெற்குத் தெருவம்மா."

"அவ வெளிய வந்துட்டாளா?"

"இல்ல. தல காயப் போட்டுட்டு உள்ளதான் இருந்தா. தெரிஞ்சுதான் வச்சேன்."

சண்முகத்தாய் மகளைப் பார்த்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது, கழுத்து குலுங்கியது, கட்டில்கூட லேசாக ஆடியது. ஊசி குத்தியிருந்த கையை மட்டும் அவள் அசைக்கவே இல்லை.